முப்பத்தேழாவது கம்பம்

பிறத்தியார் சொத்துக்கு விலை வைக்கிறவனை விற்கிறவனும் திட்டுவான், வாங்குகிறவனும் திட்டுவான். இரண்டு பேரும் ஒரே அளவுக்குத் திட்டினால் மதிப்பீடு சரி என்று எங்கள் தொழிலில் அர்த்தம்.

பாகப்பிரிவினையில் நடுவில் உட்கார்ந்தவர்கள், நண்பனுக்கு மாடு பிடித்துக் கொடுக்கச் சந்தைக்குப் போனவர்கள் என்று உங்களில் பலர் இந்தப் பாட்டைப் பட்டிருப்பீர்கள். உங்களிடம் சொல்லி அழுவதில் எனக்கு வெட்கமில்லை. என் விஷயத்தில் சொத்துதான் கொஞ்சம் விசித்திரமானது: மின்சாரக் கம்பமும் கம்பியும்.

அறுபதுகளின் தொடக்கம். வேலூரில் ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தில் நான் ஓவர்சியராக இருந்தேன். ஜவ்வாது மலையடிவாரத்தில் ஏழெட்டு ஊர்கள் சேர்ந்து மின்சாரத்துக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் நடத்தி வந்தன. அதைச் சர்க்கார் மின்சார இலாகாவுக்கு விற்பதாக முடிவாகி, சொத்தை மதிப்பிட என்னை அனுப்பினார்கள். அடிவாரத்து லைன்களில் சிக்கல் இல்லை. நெல்லிக்காட்டூர் என்ற மலை ஊருக்கு ஏறுகிற லைனுக்கு மட்டும் இலாகா ஒரு நிபந்தனை போட்டிருந்தது. அதில் மொத்தம் முப்பத்தேழு மரக்கம்பங்கள். பாதிக்கு மேல் உளுத்திருந்தால் இலாகா அந்த லைனை எடுத்துக்கொள்ளாது, கம்பியைச் சுருட்டி இறக்கிவிட வேண்டும். பாதியோ அதற்குக் குறைவோ என்றால் எடுத்துக்கொண்டு, உளுத்ததைத் தானே மாற்றிக் கொடுக்கும். முன்கூட்டியே மாற்றி வைக்கலாம் என்றால், புது மரம் வெட்ட ஃபாரஸ்ட் அனுமதி வேண்டும். அது வருவதற்குள் விற்பனையே முடிந்துவிடும்.

அந்த லைனின் கடைசிக் கம்பத்தை ஒட்டி ஒரு மில் இருந்தது. சாமையை உமி நீக்கவும் கேழ்வரகை மாவாக்கவும் சங்கம் வைத்துக் கொடுத்த சின்ன மில். அது வருவதற்கு முன் நெல்லிக்காட்டூர்ப் பெண்கள் கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து உரலில் இடித்தார்கள். லைன் போனால் மறுபடியும் உரல்தான். என் வேலையோ சுத்தியலால் கம்பத்தின் அடியைத் தட்டுவது. 'ணங்' என்றால் நல்ல மரம். 'பொத்' என்றால் உள்ளே உளுத்தது. சந்தேகம் இருந்தால் ஒரு நீள ஆணியைக் குத்திப் பார்க்க வேண்டும். சங்கத்தின் வயர்மேன் துரைசாமி எனக்குத் துணையாக வந்தார். முதல் நாள் சுத்தியலை என் கையில் கொடுக்கும்போதே அவர் சொல்லிவிட்டார்: "பாத்து தட்டுங்க சார். கம்பத்துல தட்டினாலும் அடி வுழறது அந்த ஊரு பொம்பளைங்க முதுகுலதான்."

பாயும் தேய்மானமும்

சங்கத்தின் தலைவர் காதர் பாய். மலையிலிருந்து கடுக்காயும் ஆவாரம்பட்டையும் வாங்கி தோல் பதனிட வாணியம்பாடித் தோல் ஷாப்புகளுக்கு அனுப்புகிறவர். அவருடைய மண்டியில் ஒரு மூலையில் கடுக்காய் மூட்டை, இன்னொரு மூலையில் சங்கத்தின் அலுவலகம். தும்மாமல் ஒரு வரி எழுத முடியாது. வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தால் அவருக்குக் கடுக்காயா கரண்டா என்று கேட்டுவிட்டுத்தான் பாய் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்வார்.

நான் வேலையைத் தொடங்குமுன் தேய்மானம் என்றால் என்ன என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஒரு கம்பி இத்தனை வருஷம் உழைத்தால் அதன் விலை இவ்வளவு குறையும், மீட்டர் என்றால் இவ்வளவு, டிரான்ஸ்பார்மர் என்றால் இவ்வளவு என்று அரை மணி நேரம் பேசினேன். அவர் எனக்கு இரண்டு முறை டீ வரவழைத்து, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். புரிந்துகொண்டார் என்று நானும் சந்தோஷப்பட்டேன். முடிந்ததும் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பத்து வருசம் நம்மகிட்ட ஒழுங்கா வேல செஞ்ச ஆளுக்கு சம்பளத்த ஏத்தறோம். கம்பிக்கு மட்டும் ஏன் தம்பி எறக்கறீங்க?"

பெட்டிக்குள் பல்பு

அடிவாரத்து ஊர் ஒன்றில் முனுசாமி என்பவரின் வீட்டுக்கு மீட்டர் பார்க்கப் போனேன். இணைப்பு கொடுத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. மீட்டரோ நேற்று மாட்டியது போல ஒரு சில எண்கள்தான் நகர்ந்திருந்தது. திருட்டு மின்சாரம் என்று எனக்குள் ஒரு போலீஸ்காரன் எழுந்தான். அண்ணாந்து பார்த்தால் ஹோல்டரில் பல்பே இல்லை.

கேட்டதும் முனுசாமி உள்ளே போய் ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்தார். கல்யாணப் புடவைக்கும் நிலப் பத்திரத்துக்கும் நடுவில், ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி, பல்பு இருந்தது. மகள் பெரியவளான அன்றைக்கு மாட்டினார்களாம். பிறகு கல்யாணத்துக்கு, பிறகு பேரனுக்குப் பெயர் வைத்தபோது. மற்ற நாட்களில் சிம்னி விளக்குதான். "உங்கள் வீட்டு பல்பு என் மதிப்பீட்டில் வராது, ஐயா" என்றேன். அவருக்கு நான் ஏமாற்றுகிறேன் என்று தோன்றிவிட்டது. பல்பை என் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டார்: "நேத்து பாய் மண்டியில நீங்கதான சொன்னீங்க, வேல செஞ்சா தேயும்னு? இது வேலயே செய்யல சார். புச்சு வெல போட்டு எழுதிக்குங்க."

வூட்டுக்கு ஒரு கம்பம்

அப்புறம் மலை லைன். நெல்லிக்காட்டூரில் சங்கத்துக்குப் பங்குப் பணம் கட்ட யாரிடமும் ரொக்கம் கிடையாது. அதனால் லைன் இழுத்த காலத்தில் வீட்டுக்கு ஒரு கம்பம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் கொல்லையிலிருந்து ஒரு மரத்தை வெட்டி, பட்டை சீவி, தோளில் சுமந்து போய், குழி தோண்டி நட்டிருக்கிறது. கம்பத்தில் எழுதிய நம்பர்கள் இரண்டே மழையில் போய்விட்டன. குடும்பத்தின் பெயர் போகவில்லை. துரைசாமியும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. சின்னாண்டி வீட்டுக் கம்பம், வெள்ளையன் வீட்டுக் கம்பம், குள்ளன் வீட்டுக் கம்பம் என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்.

நான் தட்ட வருகிறேன் என்று தெரிந்ததும் ஒவ்வொரு கம்பத்தடியிலும் அதற்குரிய குடும்பம் வந்து நின்றுவிட்டது. ஆணியை எடுத்தால் "ஐயோ" என்று ஒரு பெண் கண்ணை மூடிக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போட வந்தவன் மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை. உளுத்த கம்பம் என்றால் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு நடப்பேன். என்ன அர்த்தம் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சோகமான செய்தியை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்கிற சோம்பேறித்தனம்தான். இதற்காகப் பின்னால் பட்டேன்.

அண்ணன் தம்பி வீடுகள் அடுத்தடுத்து வந்தால் இன்னும் கஷ்டம். வெள்ளையனும் குள்ளனும் பங்காளிகள். வெள்ளையன் கம்பத்தை மூன்று முறை தட்டி, குறி போட்டேன். குள்ளன் கம்பத்தை இரண்டு முறை தட்டினேன். 'ணங்' என்றது. பத்தடி நடந்திருப்பேன், குள்ளன் பின்னாலேயே ஓடி வந்து மூச்சு வாங்க நின்றார்: "அவனுத மூணு தபா தட்னீங்க, எங்களுத மட்டும் ரெண்டு தபாவா? நாங்களும் அதே கரண்ட்டுதான சார் தூக்கினு நிக்கறோம்?"

வளருகிற கம்பம்

பதினான்காவது கம்பத்துக்கு இலை இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இலை மட்டுமில்லை, கிளையும் இருந்தது. ஒரு கிளையில் காக்கை கூடு கட்டியிருந்தது. தீர்த்தன் என்பவருடைய கம்பம். அவர் கொல்லையில் வேங்கையோ மருதோ இல்லாததால் ஒதிய மரத்தை வெட்டி நட்டிருக்கிறார். ஒதியனை எங்கே நட்டாலும் வேர் விடும் என்பது அவருக்கும் தெரியும், நட்ட அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை துரைசாமி ஏறிக் கிளையைக் கழிக்கிறாராம். தட்டினால் 'ணங்'கும் இல்லை, 'பொத்'தும் இல்லை. பச்சை மரம் பச்சை மரமாகத்தான் ஒலித்தது. உளுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம், ஆகவே குறி போடவில்லை.

ஆனால் நட்ட வருஷம், பயன்பட்ட வருஷம், தேய்மானம் என்று என் படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. கையில் பென்சிலோடு பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். தீர்த்தன் என் படிவத்தை எட்டிப் பார்த்தார். எழுத்து தெரியாதவர், விளக்கச் சொன்னார். மறுபடியும் தேய்மானத்தை விளக்கினேன். அவர் கம்பத்தைக் கட்டிப் பிடித்து, கைக்குள் அடங்கவில்லை என்று காட்டினார்: "நட்டப்ப என் தொட தண்டி சார். இப்ப பாருங்க. மத்தவங்களுது தேஞ்சதுக்கு கொறைக்கறீங்கன்னா, எங்களுது பெருத்ததுக்கு இன்னா ஏத்துவீங்க?"

சாமைச்சோறு

இரண்டாம் நாள் மதியம் முப்பத்தாறாவது கம்பத்தைத் தட்டி முடித்தேன். அது ஊர்க்கவுண்டருடைய வேங்கைக் கம்பம், நன்றாக இருந்தது. அதுவரை பதினெட்டுக் குறி போட்டிருந்தேன். மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன். முப்பத்தேழில் பதினெட்டு என்றால் லைன் பிழைத்தது. பத்தொன்பது என்றால் போயிற்று. எல்லாம் கடைசிக் கம்பத்தின் கையில் இருந்தது.

கடைசிக் கம்பம் பொன்னி வீட்டுக் கம்பம். மில்லை நடத்துகிறவளும் பொன்னிதான். முப்பத்தைந்து வயதிருக்கும், புருஷன் காட்டில் மரம் வெட்டப் போய்விட்டால் வாரக்கணக்கில் வரமாட்டான். புடவையெல்லாம் உமித்தூசி. "வெயில்ல வந்துக்கிறீங்க, மொதல்ல சாப்டுங்க" என்று இலையைப் போட்டாள். வாசகர்களே, சாப்பாட்டு விஷயத்தில் நான் பலவீனமானவன். கம்பம் எங்கே ஓடப்போகிறது என்று உட்கார்ந்துவிட்டேன். காலையில் மில்லில் அடித்த சாமைச்சோறு, கொள்ளுக் கடைசல், காட்டுக்கீரை. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். மில்லின் நிழலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடைகளோடு முறைக்காகக் காத்திருந்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலை நேரத்தில் பெண்கள் சும்மா உட்கார்ந்து சிரிப்பதை அந்த மலையில் அங்கே ஒரு இடத்தில்தான் பார்த்தேன்.

கையைக் கழுவிக்கொண்டு எழுந்து தட்டினேன். 'பொத்' என்றது. ஆணியைக் குத்தினேன். வெண்ணெயில் இறங்குவது போல் தலை வரைக்கும் இறங்கியது. துரைசாமி அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். நான் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் கொஞ்சம் மண்ணை அப்பினேன். பிரஷ்ஷைத் துடைத்துப் பையில் போட்டேன். என் தொழில் வாழ்க்கையில் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பெயிண்ட் டப்பாவில் பாதி மீதி இருந்தது. சுமக்கச் சோம்பல்பட்டு ஊர்க்கவுண்டர் வீட்டில் வைத்துவிட்டேன். இறங்கப் போகும்போது பொன்னி வந்து, எங்க கம்பம் எப்படி என்று கேட்டாள். நல்ல கம்பம் என்றேன். அவள் கம்பத்தை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்: "அப்டிங்களா? நீங்க சொன்னா சரி சார்."

சிவப்புக் குறி

பதினைந்து நாள் கழித்து இலாகாவின் இன்ஜினியர் கூட்டுப் பார்வைக்கு வந்தார். குடையும் பிளாஸ்கும் கொண்டுவந்த மனிதர். எதைக் கேட்டாலும் "விதியில் என்ன இருக்கிறதோ அது" என்பார். என் அறிக்கையை வைத்துக்கொண்டு முதல் நாலைந்து கம்பத்தைப் பார்ப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குவார் என்று நினைத்திருந்தேன். வழக்கம் அதுதான்.

முதல் கம்பத்தில் குறி இருந்தது. நான் போட்டதில்லையே என்று லேசாக நெருடியது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. ஐந்தாவது கம்பத்துக்கு வரும்போது என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குள்ளனின் நல்ல கம்பத்தில் மற்றவர்களுடையதைவிடப் பெரிய குறி. தீர்த்தனின் ஒதிய மரத்தில் ஒன்றுக்கு இரண்டு குறி. ஊர்க்கவுண்டரின் வேங்கையில் குறிக்கு மேல் குங்குமப் பொட்டும் இருந்தது. எல்லாம் என் பெயிண்டுதான். "உங்கள் அறிக்கையில் பதினெட்டு என்று இருக்கிறதே" என்றார் இன்ஜினியர்.

ஊர்க்கவுண்டர் மாலையோடு எதிரே வந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஊர் ஆண்கள் எல்லோருமே கூப்பில் வேலை செய்தவர்கள். கூப்பு என்றால் காட்டில் சர்க்கார் மரம் வெட்டுகிற இடம். அங்கே ரேஞ்சர் முன்னால் நடந்து, நேராக உறுதியாக இருக்கிற மரமாகப் பார்த்துக் குறி போட்டுக்கொண்டு போவார். கோணல், உள்ளே உளுத்த பொக்கை எல்லாம் குறி இல்லாமல் காட்டிலேயே நிற்கும். நான் வெள்ளையன் கம்பத்துக்குக் குறி போட்டுவிட்டுக் குள்ளனை விட்டதும் ஊரில் பெரிய மனஸ்தாபம். குறி வாங்கிய வீடுகள் பொரி கடலை பங்கிட்டிருக்கின்றன. குறி வாங்காத வீடுகள் நாலு நாள் பொறுத்துப் பார்த்து, ஊர்க்கவுண்டர் வீட்டு டப்பாவைத் தேடிப் போயிருக்கின்றன. நான் தலையில் கை வைத்ததைப் பார்த்து ஊர்க்கவுண்டருக்கு ஆச்சரியம்: "நல்ல மரத்துக்குத்தான சார் குறி போடுவாங்க? பொக்க மரத்துக்கு எவனாச்சும் பெயிண்ட வீணாக்குவானா?"

நான்தான் போட்டேன்

துரைசாமி எல்லோரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். குறி என்றால் உளுத்தது. இத்தனை குறி இருந்தால் லைன் கிடையாது, மில் கிடையாது. பிறகு குள்ளன் முன்னால் வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "எங்களுது நான் போட்டதுங்க" என்றார். அடுத்து தீர்த்தன், இரண்டு குறியும் நான் போட்டது என்றார். ஊர்க்கவுண்டர் மாலையை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, நானும்தான் என்றார். கர்வத்தில் செய்ததை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வது யாருக்கும் லேசில்லை. எனக்கு அவர்கள் மேல் அளவில்லாத பிரியம் வந்தது.

அந்தப் பிரியம் நீடிக்கவில்லை. வெள்ளையனும் முன்னால் வந்து, எங்களுதும் நானே போட்டுக்கினது என்றார். நான் என் கையால், அவர் கண் முன்னால் போட்ட குறி! அவரைப் பார்த்து சின்னாண்டி. சின்னாண்டியைப் பார்த்து அடுத்தவர். ஐந்து நிமிஷத்தில் முப்பத்தாறு வீட்டுக்காரர்களும் தாங்களே போட்டதாகச் சத்தியம் செய்துவிட்டார்கள். இந்த மலைக்கு நான் வந்ததற்கே சாட்சி இல்லாமல் போயிற்று. இன்ஜினியர் குடையை மடக்கித் துரைசாமியிடம் கொடுத்தார். என் கையிலிருந்த சுத்தியலைத் தான் வாங்கிக்கொண்டார்: "இருபது வருஷ சர்வீஸில், தன் கம்பத்துக்குத் தானே தண்டனை எழுதிக்கொண்ட ஊரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நடங்கள், முதலிலிருந்து தட்டலாம்."

கடைசியாக ஒன்று

அடிவாரத்துக்கு இறங்கி, முதல் கம்பத்திலிருந்து தட்டிக்கொண்டே மறுபடி ஏறினோம். அவர் தட்டத் தட்ட நான் எழுதினேன். ஒதிய மரத்தை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உளுக்கவில்லை என்று எழுதுங்கள், வேறு எதுவும் எழுதாதீர்கள்" என்றார். முப்பத்தாறும் முடிந்தபோது உளுத்தது பதினெட்டு. நான் முதலில் சொன்ன அதே பதினெட்டு. "உங்களுக்கு நல்ல காது" என்று என் தோளைத் தட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்கு இடம் போதவில்லை.

மில் பக்கம் போனோம். முப்பத்தேழு கம்பத்தில் குறியில்லாமல் நின்றது அது ஒன்றுதான். பொன்னி பெயிண்டைத் தொடவில்லை. இன்ஜினியருக்குக் கை வலித்திருக்க வேண்டும், பிளாஸ்கைத் திறந்து காப்பியை ஊற்றிக்கொண்டார். "நீங்களும் குறி போடவில்லை, அவர்களும் போடவில்லை. உங்கள் காதை நம்புகிறேன். நல்ல கம்பம் என்று எழுதுங்கள்" என்றார். நான் பென்சிலை எடுத்துவிட்டேன். ஒரு சொல் எழுதினால் போதும், லைன் பிழைத்தது, மில் பிழைத்தது, நானும் பிழைத்தேன். ஊரே மூச்சுவிட்டது.

பொன்னி மில்லுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு இன்ஜினியருக்கு நேரே நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை: "இதயும் தட்டிடுங்க சார். இது சாஞ்சா கம்பி வுழறது கூடய வெச்சிக்கினு குந்திக்கிற எங்க பொம்பளைங்க மேலதான்."

பாதியும் பாதிக்கு மேலும்

அவர் தட்டினார். அவர் முகம் மாறியது. ஆணியைக் குத்தினார், நான் குத்திய அதே இடத்துக்குப் பக்கத்தில். மண் உதிர்ந்து என் பழைய ஓட்டையும் தெரிந்தது. என்னைப் பார்த்தார். "பத்தொன்பது" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. கூடைக்காரப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஊர்க்கவுண்டர் பொன்னியைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று கத்தினார். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் அவள் விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். நாள் முழுவதும் படியிலும் அரைப்படியிலும் அளந்து கொடுக்கிறவள் அவள்.

"முப்பத்தேழுல பத்தொம்பது ஆவாது. சரி. இந்தக் கம்பமே இல்லன்னா? முப்பத்தாறுல பதினெட்டு. பாதிதான? பாதிக்கு மேல இல்லியே?" என்றாள். நடுவில் இருக்கிற கம்பத்தைப் பிடுங்கினால் கம்பி தரையில் கிடக்கும், கடைசிக் கம்பத்தைப் பிடுங்கலாம் என்று துரைசாமி மெதுவாகச் சொன்னார். ஆனால் மில்லுக்கு மின்சாரம் அந்தக் கம்பத்திலிருந்துதானே வருகிறது என்றேன் நான். அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "மில்லு இன்னா மலையா சார், நவுத்த முடியாதா?" என்றாள்.

இன்ஜினியர் பையிலிருந்து நிபந்தனைக் கடிதத்தை எடுத்து இரண்டு முறை படித்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் நாலரைக்குக் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் பாறைமேல் குடையை விரித்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் தாமதம். துரைசாமி லைனை அணைக்க அடிவாரத்துக்கு ஓடினார். மில்லின் கூரையை இருபது பேர் நாலு பக்கமும் பிடித்து அப்படியே தூக்கினார்கள். கூரைக்குள் இருந்த கோழி ஒன்று அதனோடு சேர்ந்து பயணம் போயிற்று. மோட்டாரையும் மெஷினையும் கட்டைகளில் கட்டி, வெள்ளையன் ஒரு முனையும் குள்ளன் மறு முனையுமாகத் தோள் கொடுத்தார்கள். முப்பத்தாறாவது கம்பம் ஐம்பது தப்படி தூரம். பெண்கள் ஆளுக்கு ஒரு கல்லாகக் கொண்டுபோய்ப் புது இடத்தில் அடித்தளம் போட்டார்கள். துரைசாமி திரும்பி வந்து, கடைசிக் கம்பத்திலிருந்து கம்பியை அவிழ்த்து, முப்பத்தாறில் இழுத்துக் கட்டினார். பொன்னி வீட்டுக் கம்பத்தை ஆட்டியதும் அது அடியோடு முறிந்து விழுந்தது. உள்ளே கைநிறைய மாவு மாதிரி மரத்தூள். இந்தக் கம்பத்துக்கா நான் நல்ல பெயர் கொடுத்தேன் என்று உடம்பு கூசியது.

சரியாக நாலரைக்கு இன்ஜினியர் பேனாவைத் திறந்தார். மொத்தம் முப்பத்தாறு, உளுத்தது பதினெட்டு, எடுத்துக்கொள்ளலாம், உளுத்தவற்றை முதல் மாதமே மாற்ற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காலையில் முப்பத்தேழு இருந்ததைப் பற்றி ஏதாவது எழுத வேண்டாமா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவர் பேனாவை மூடினார்: "எத்தனை கம்பம் இருந்தது என்று படிவத்தில் கேட்கவில்லை. எத்தனை இருக்கிறது என்றுதான் கேட்டிருக்கிறார்கள்."

விடைபெறும்போது

துரைசாமி லைனைப் போட்டதும் புது இடத்தில் மில் ஓடியது. முதல் கூடை யாருடையது என்பதில் பெண்களுக்குள் சண்டை வந்தது. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது, அங்கே நிற்க வெட்கமாகவும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் இறங்கிவிடலாம் என்று பார்த்தேன். பொன்னி பின்னாலேயே வந்தாள். கையில் ஒரு சின்ன மூட்டை, ஒரு படி சாமை. வேண்டாம் என்றேன். "வேல முடிஞ்சிட்ச்சு, இப்ப எட்த்துக்கலாம்" என்று என் பையில் வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உங்களுக்கு நல்லது செய்யலாம் என்றுதான் அன்றைக்கு அப்படிச் செய்தேன் என்று முனகினேன். "தெரியும் சார், தெரிஞ்சிதான் பதினஞ்சு நாளா அந்தக் கம்பத்தடியில யாரயும் குந்த வுடல" என்றாள். கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள், திரும்பும்போது நிதானமாகச் சொன்னாள்: "இனிமே காதுல கேட்டத எழுதுங்க சார். வாயில தின்னத எழுதாதீங்க."

அதற்குப் பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் எந்த ஊர்க் கம்பத்தைத் தட்டப் போனாலும் என் சாப்பாட்டை நானே கட்டிக்கொண்டு போனேன். என் கையால் கிளறிய புளிச்சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தவனுக்கு ஒரு கம்பத்தின் மீதும் இரக்கம் வந்ததில்லை.